வெள்ளிக்கிழமைத் தோணி

ராசம்மாள் ஒரு படகில் ஏறுவதற்கு மெட்ராஸ் வரைக்கும் போக வேண்டியிருந்தது என்பதுதான் சாமிதுரைக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகன் தமிழ்மாறன் வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தான். ஏதோ ஒரு படகுத்துறை. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுக்குள் ராசம்மாள் பிதுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று வயசுப் பேத்தி தமிழ்நிலா. ராசம்மாள் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சாமிதுரை இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி அந்தச் சிரிப்பை மட்டும் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படிப் பல் தெரியச் சிரித்து அவர் பார்த்தது ரொம்பக் கொஞ்சம். நல்ல சிரிப்பு. அது நம் வீட்டில் எங்கே போயிருந்தது என்று கோபம்கூட வந்தது அவருக்கு.

சாமிதுரை லஸ்கர். அதாவது போன வருஷம் ஆனி மாதம் வரைக்கும் லஸ்கர். நன்னிலத்துக்குக் கிழக்கே முடிகொண்டான் ஆற்றில் வடகுடி சட்ரஸில் ஷட்டர் ஏற்றி இறக்குகிற வேலை. கதவணை என்று பலகையில் எழுதியிருக்கிறது. ஊரில் அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை, சட்ரஸ்தான். எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு, எந்த முறை எந்தக் கிழமை, எந்த மதகில் யார் திருட்டுத்தனமாக வைக்கோல் வைத்து அடைப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தண்ணீர் வருகிற நாளில் அவருக்குச் சோறு சட்ரஸுக்குத்தான் போகும். தண்ணீர் இல்லாத நாளில் கரையில் நடப்பார். அப்படிப்பட்டவருடைய பெண்டாட்டிதான் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேறு எங்கேயோ தண்ணீரில் சிரிக்கிறாள்.

ராசம்மாள் மெட்ராஸ் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மருமகள் இசைவாணிக்குப் பிரசவ லீவு எப்போதோ முடிந்துவிட்டது, வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பார்க்க வந்த ஆயா பாதியில் நின்றுவிட்டாள் என்று போன் வந்தது. "மூணு மாசம் இருந்துட்டு வந்துடுறேன்" என்று கிளம்பினாள். சாமிதுரை பஸ் ஏற்றிவிட்டு, "சரி, போய்ட்டு வா" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மூன்று மாதம் ஆறு மாதமாகி, அப்புறம் யாரும் மாதத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

தனி ஆளுக்குச் சமைப்பது ஒரு தண்டனை. அரை டம்ளர் அரிசி போட்டாலும் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை வைத்த ரசம் செவ்வாய்க்கிழமை வரை கொதித்துக் கொதித்துக் கருத்துப் போகும். பேச்சுக்குரல் கேட்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்திருப்பார். சில நாள் ராத்திரி படுக்கும்போது யோசித்துப் பார்த்தால், டீக்கடையில் "சக்கரை கம்மியா" என்று சொன்னதைத் தவிர அன்றைக்கு அவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

படம் வந்த அன்றைக்குத்தான் அந்த யோசனை பிடித்தது. ஆயுத பூஜை லீவுக்கு எல்லாரும் வருகிறார்கள். புதன்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புவார்கள். நடுவில் வெள்ளிக்கிழமை. மேல சட்ரஸில் தோணியைப் போட்டு, ஆற்றோடு ஏழு கிலோமீட்டர் வந்து, வடகுடி சட்ரஸில் ஏறுவது. அவரும் அவளும் மட்டும். வழியில் எங்காவது ஒரு திட்டில் இறங்கிச் சாப்பிடும்போது கேட்டுவிடுவது: நீ இங்கேயே இருந்துவிடு என்று. வீட்டில் வைத்துக் கேட்க முடியாது. வீட்டில் மகன் இருப்பான், மருமகள் இருப்பாள், பிள்ளை அழும், குக்கர் விசில் அடிக்கும். தவிர, வீட்டுக்குள் இந்த மாதிரிப் பேச்செல்லாம் அவருக்கு வந்ததே இல்லை. ஆற்றில் வைத்தால் வாய் வரும் என்று நம்பினார்.

மறுநாள் ராசம்மாளே கூப்பிட்டாள்.

"என்னாங்க, சாப்டீங்களா?"

"ஆச்சு."

"என்னா கொழம்பு?"

"ரசம்."

"முந்தாநாளும் ரசம்னுதான சொன்னீங்க?"

"இது வேற ரசம்" என்று பொய் சொன்னார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ராசம்மா, லீவுக்கு வர்றப்ப வெள்ளிக்கெழம ஒரு வேலையும் வச்சுக்காத. ஆத்துல போறோம்."

"ஆத்துலயா? குளிக்கவா?"

"தோணியில. மேல சட்ரஸ்லேருந்து நம்ம சட்ரஸுக்கு."

தொலைவில் பிள்ளை எதற்கோ சிணுங்குவது கேட்டது.

"புள்ளையும் வரட்டுமா?"

"வேணாம். நீயும் நானுந்தான்."

"இந்த வயசுலயா?" என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "யாராவது பாத்தா என்னா சொல்லுவாங்க? சரி சரி, வர்றேன். புள்ள எந்திரிச்சிருச்சி, வைக்கிறேன்."

அவள் சரி என்றதும் சாமிதுரைக்குக் கை கால் நிலைகொள்ளவில்லை. ஒரு மூங்கில் கழியை எடுத்து, அடிக்கு ஒரு கோடாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். அடுத்த நான்கு நாளும் கரையோடு நடந்து, இறங்கி இறங்கி ஆற்றை அளந்தார்.

முடிகொண்டான் ஆறு ஒன்றும் பிரமாதமான ஆறு இல்லை. முறை வைத்துத் திறந்துவிடுகிற தண்ணீர் முழுசாக வரும்போதே இரண்டரை அடி நின்றால் அதிகம். மணல் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறிப் படுக்கும். போன வருஷம் பள்ளமாக இருந்த இடம் இந்த வருஷம் மேடாகிக் கோரை முளைத்திருக்கும். ஓட்டம் வலப்பக்கம் போகிறதா, இடப்பக்கம் போகிறதா என்று பார்த்து அதோடு தோணியைக் கொண்டுபோனால்தான் தட்டாது. மேல சட்ரஸுக்குக் கீழே முதல் வளைவில் ஒரு திட்டு, அங்கே இறங்கித் தள்ள வேண்டும். ரயில்பாலத்துக்குக் கீழே கருங்கல் கிடக்கிறது, பாலத்தின் இடதுபக்கத் திறப்பாகப் பார்த்து நுழைய வேண்டும். அதற்கப்புறம் அரைக் கிலோமீட்டருக்கு வெங்காயத்தாமரை; ஆள் வைத்து ஒரு தோணி அகலத்துக்கு விலக்கிக்கொள்ளலாம். நாணல் திட்டில் சாப்பாடு. இதையெல்லாம் வீட்டுக்கு வந்து தேதித்தாளின் முதுகில் மணி போட்டு எழுதினார். ஏழு மணி: புறப்பாடு. எட்டேகால்: முதல் திட்டு. பதினொன்று: நாணல் திட்டு, சாப்பாடு. அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டார். அதற்கப்புறம் இரண்டு மணி: வடகுடி.

ஓய்வு பெற்ற லஸ்கர் கழியும் கையுமாக ஆற்றைக் குத்திக்கொண்டு திரிந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஐந்தாவது நாள் பிரகதாம்பாள் அவரை வழிமறித்தார். பிரகதாம்பாளுக்கு ஆற்றை ஒட்டி ஏழு ஏக்கர். மகன் ராஜராஜன் துபாயில் இருக்கிறான். அறுபது வயசிலும் வயலை அந்த அம்மாதான் பார்க்கிறார். சாமிதுரையின் அப்பா அந்த வயலில் கூலிக்கு நடவு நட்டவர். ஆனாலும் ஷட்டர் கைப்பிடி சாமிதுரை கையில் இருந்தவரை பிரகதாம்பாள் வாயில் "வாங்க லஸ்கரு"தான். ஓய்வு பெற்ற மறு மாதமே அது "வா சாமிதுரை"க்கு இறங்கிவிட்டது. தண்ணீர் இறங்கினால்கூட இவ்வளவு சீக்கிரம் இறங்காது.

"என்னா சாமிதுரை, மணல் குவாரி வருதாமே?" என்றார் பிரகதாம்பாள்.

"குவாரியா? யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீ நாலு நாளா ஆத்த அளக்குற. யாருக்குய்யா அளக்குற? எவ்ளோ குடுத்தான்?"

"அதெல்லாம் இல்லம்மா. டாக்டரு நடக்கச் சொன்னாரு."

"நடக்கச் சொன்ன டாக்டரு கழியால ஆத்தக் குத்தவும் சொன்னாராக்கும்?"

அன்று சாயங்காலமே டீக்கடையில் பத்துப் பேர் கலெக்டருக்கு மனு எழுத உட்கார்ந்துவிட்டார்கள். முதல் வரியிலேயே 'முன்னாள் லஸ்கர் சாமிதுரை என்பவர்' என்று வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சாமிதுரை அத்தனை பேர் முன்னாலும் உண்மையைச் சொன்னார். பெண்டாட்டியைத் தோணியில் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன், அதற்குத்தான் அளந்தேன் என்றார். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், டீ மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சிரித்தார். "லஸ்கரு ஹனிமூன் போறாருய்யா!" மனுத்தாள் பஜ்ஜி மடிக்கப் போயிற்று. சாமிதுரைக்கு மானம் போனதுதான். ஆனால் அன்றைக்கு அவரிடம் பத்துப் பேர் ஒரு மணி நேரம் பேசினார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது அது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

தோணிக்கு அவர் சேக் தாவூதைப் பிடித்தார். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இறால் பண்ணை வைத்திருப்பவர். முன்னொரு புயல் வருஷத்தில் கரை உடைப்புக்கு மணல்மூட்டை அடுக்கும்போது பழக்கம். இறால் குட்டையில் தீவனம் போடுவதற்குத் தட்டையான சின்ன பைபர் தோணிகள் அவரிடம் நான்கைந்து கிடந்தன.

"ஆத்துல எவ்ளோ தண்ணிண்ணே நிக்கும்?" என்று கேட்டார் சேக் தாவூது.

"முறையில ரெண்டரை அடி பாய். மேட்டுல ஒரு அடி."

"அப்பப் போவும். இது அரையடித் தண்ணி இருந்தாலே நவுரும். ரெண்டு பேருக்கு மேல ஏறாதீங்க."

"ரெண்டு பேருதான். நானும் ஒங்க அண்ணியும்."

"அண்ணி வந்துட்டாங்களா ஊருக்கு?"

"லீவுக்கு வருது."

சேக் தாவூது அவரை ஒரு தரம் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது போலிருந்தது. "அண்ணிய நடுவுல ஒக்கார வைங்க. மணல் தட்டுச்சின்னா துடுப்பப் போட்டு நெம்பாதீங்க, ஒடஞ்சிரும். எறங்கித் தள்ளிருங்க. வாடகையெல்லாம் பேசாதீங்கண்ணே, கோவம் வரும்" என்றார்.

குட்டியானை வண்டியில் தோணி வந்து இறங்கியது. சாமிதுரை சட்ரஸுக்கு மேல் பக்கம் தேங்கி நிற்கிற தண்ணீரில் பழகிப் பார்த்தார். தண்ணீரோடு முப்பது வருஷம் கிடந்தவர். தண்ணீருக்கு மேலே இருந்து பழக்கமில்லை. துடுப்பு ஒரு பக்கம் போட்டால் தோணி மறுபக்கம் திரும்பிற்று. அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே சுற்றினார். புது லஸ்கர் இராஜாங்கம், முப்பது வயசு, பாலத்தின் மேலே இருந்து, "அண்ணே, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போடுங்க" என்று கத்தினான். மூன்று நாளில் நேராகப் போக வந்துவிட்டது. எதிரே காலியாகக் கிடக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போடுவார். அங்கே அவள் உட்கார்ந்திருப்பாள். கேட்க வேண்டியதை மெல்ல வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். "ராசம்மா, இங்கியே இருந்துடேன்." ஆளில்லாத இடத்தில் நன்றாகத்தான் வந்தது.

முறைக் கணக்கும் சரியாக இருந்தது. ஆறு நாள் தண்ணீர், ஆறு நாள் அடைப்பு. புதன்கிழமை மேலே திறந்தால் வியாழன் மத்தியானம் வடகுடியில் இரண்டரை அடி. வெள்ளிக்கிழமை காலையில் ஆறு நிறைந்து போகும். இதில் ஒரு தப்பும் வராது என்று அடித்துச் சொன்னார்.

தப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் விடவில்லை. ஆறு என்றால் மழையில் நிரம்பும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இந்த ஊர்ப்பக்கம் கதை வேறு. மழை பெய்து வயலில் தண்ணீர் நின்றுவிட்டால், ஆற்றுத் தண்ணீர் யாருக்கும் வேண்டாம். மேலே கல்லணையிலேயே நிறுத்திவிடுவார்கள். வயல் வடிந்து வருகிற தண்ணீர் இரண்டு நாள் கலங்கலாக ஓடும், அப்புறம் மணல் தெரியும். இது தெரியாதவர் அல்ல சாமிதுரை. முப்பது வருஷமாக மழைக்குத் தகுந்தபடி ஷட்டர் பார்த்த மனிதர். தன் காரியத்துக்குத் திட்டம் போடும்போது மட்டும் புரட்டாசியில் மழை என்று ஒன்று உண்டு என்பதை அடியோடு மறந்துவிட்டார். கழியால் ஆற்றை அளந்தவர் ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் கார் வந்தது. ராசம்மாள் இறங்கியதுமே இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். "என்னாங்க இது, மொளகாத்தூள் டப்பாவுல வண்டு நிக்குது!" பேத்தி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தது. சாப்பாடு அவள் ஊட்டினால்தான், தூக்கம் அவள் தோளில்தான். சாமிதுரை கையை நீட்டினால் பாட்டியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது. அன்று அவர் கெண்டை மீன் வாங்கி வந்தார். ராசம்மாள் குழம்பு வைத்தாள். இரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டில் குழம்பு மணம் எழுந்தபோது சாமிதுரை கூடத்தில் ஒருபக்கமாக உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வியாழன் மத்தியானம் சட்ரஸுக்குப் போனார். மழை விட்டிருந்தது. இராஜாங்கம் நான்கு ஷட்டரும் இறக்கி வைத்திருந்தான். மேல் பக்கம் இடுப்பளவு தண்ணீர் ஒன்றரைக் கிலோமீட்டருக்குத் தேங்கி நின்றது. மழை ஆரம்பித்த அன்று ராத்திரி கீழே ஒரு மதகில் மராமத்து வேலை ஓடியதற்காக இறக்கியது.

"தூக்கலியா?" என்றார் சாமிதுரை.

"வேலை முடிஞ்சிருச்சிண்ணே. சாயங்காலம் தூக்கச் சொல்லிருக்காங்க. ஆனா..." இராஜாங்கம் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்குத்தான ஒங்க தோணி? இத நாளைக்குச் சாயங்காலம் தூக்குனா என்னா? ஏழு கிலோமீட்டர் இல்லாட்டியும் நாணல் திட்டு வரைக்கும் ஜம்முனு போய்ட்டு வரலாம். யாருண்ணே கேக்கப் போறா?"

சாமிதுரை தண்ணீரைப் பார்த்தார். அலையில்லாமல் கிடந்தது. தோணிக்கு இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

"வச்சிருக்கியா?" என்றார்.

"ஒங்களுக்காக இதுகூடச் செய்ய மாட்டனா?"

"சரி, வை" என்று சொல்லிவிட்டுக் கரையில் ஏறினார். கால் லேசாகிவிட்டது. புளிச்சோறு செய்யச் சொல்ல வேண்டும், கருவாடு வறுக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வயல் பக்கமாக நடந்தார்.

பிரகதாம்பாளின் ஏழு ஏக்கரும் குறுவை. அறுப்புக்கு நின்ற பயிர் மழையில் சாய்ந்து கிடந்தது. வடிகால் வாய்க்கால் ஆற்றை நோக்கி ஓட வேண்டியது, ஆற்றில் தண்ணீர் ஏறி நிற்பதால் எதிர்த்துக்கொண்டு வயலுக்கே திரும்பியிருந்தது. பிரகதாம்பாள் முழங்காலுக்கு மேல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நின்று, இரண்டு பெண்களோடு சேர்ந்து, சாய்ந்த கதிரை நான்கு நான்கு தூராகத் தூக்கி முடிந்துகொண்டிருந்தார். ஏழு ஏக்கரை மூன்று பேர் முடிந்தால் எப்போது முடியும்? அவரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"லஸ்கரு, வடிய மாட்டேங்குதுங்களே" என்றார்.

சாமிதுரை குனிந்து ஒரு கதிரை எடுத்தார். நெல் ஊறியிருந்தது. இரண்டு மணியின் மூக்கில் வெள்ளையாக முளை தெரிந்தது. இன்னொரு நாள் நின்றால் அத்தனையும் முளைத்துவிடும், கோழிக்குத்தான் ஆகும். அந்த அம்மாள் 'ங்க' போட்டதற்காக அவர் மனசு இளகவில்லை. அந்தக் கணக்கெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முளைவிட்ட நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு தோணியைப் பற்றி நினைக்க அவரால் முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

திரும்பி சட்ரஸுக்கு வந்தார். "தூக்குடா" என்றார்.

"அண்ணே, நாளைக்கு..."

"தூக்குடான்னா தூக்கு."

இரண்டு ஷட்டரை இராஜாங்கம் தூக்கினான். இரண்டை சாமிதுரையே தூக்கினார். கைப்பிடியைச் சுற்றச் சுற்றத் தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. தண்ணீர் இரைந்துகொண்டு கீழே பாய்ந்தது. வெள்ளிக்கிழமை அவர் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அவர் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அது போவதைக் கடைசி வரைக்கும் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஆற்றில் மணல் தெரிந்தது. நடுவில் நாலைந்து முழ அகலத்துக்குக் கணுக்காலளவு தண்ணீர் நெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து, "ஆத்துல தண்ணி இல்ல ராசம்மா. வேணாம்" என்றார்.

ராசம்மாள் தூக்குவாளியை மூடிக்கொண்டிருந்தாள். "சோறு கட்டிட்டேன். புள்ளைய இசைவாணிகிட்ட வுட்டுட்டேன். வாங்க, இருக்குற தண்ணியில போவோம்" என்றாள்.

போனார்கள். அவள் தோணி நடுவில் சம்மணம் போட்டு, மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் இரண்டு தரம் துடுப்புப் போட்டார். தோணியின் அடி மணலில் உராய்ந்து நின்றுவிட்டது. இறங்கி, வேட்டியைத் தார்ப்பாய்ச்சாகக் கட்டி, முன்பக்கக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். கொஞ்ச தூரம் மிதக்கும், கொஞ்ச தூரம் தேயும். கரையில் போன ஒருவன், "லஸ்கரு, தண்ணியில ஓட்டுறதுதான தோணி?" என்று கேட்டுவிட்டுப் போனான். ராசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான் எறங்கிக்கிறேங்க" என்றாள். "ஒக்காரு" என்றார் அவர். முந்நூறு அடி தூரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு மணல்மேட்டில் தோணியைத் தட்டவிட்டு, அங்கேயே உட்கார்ந்தார்கள்.

புளிச்சோறும் வறுத்த வஞ்சிரக் கருவாடும். அவள் இலையில் வைத்துக் கொடுக்க, அவர் சாப்பிட்டார். நான்கு வாய் போனதும் கையை நிறுத்தினார்.

"ராசம்மா."

"என்னா? உப்பு பத்தலியா?"

"இங்கியே இருந்துடேன்."

சொல்லிவிட்டார். ராசம்மாள் கருவாட்டு முள்ளை எடுத்து மணலில் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"இத ரெண்டு வருசத்துக்கு முன்னால சொல்லிருக்கணும்" என்றாள்.

"அப்ப மூணு மாசந்தானன்னு..."

"பஸ்ஸு கெளம்புற வரைக்கும் பாத்தேன். போவாதன்னு சொல்வீங்கன்னு பாத்தேன். சரி போய்ட்டு வான்னீங்க." அவள் குரல் ஏறவில்லை. "சொல்லிருந்தா போயிருக்கவே மாட்டேன். அவங்க வேற ஆளப் பாத்திருப்பாங்க. இப்ப அது என் தோள்ல இல்லாட்டித் தூங்காதுங்க. அத வுட்டுட்டு எப்புடி வருவேன்?"

"நான் தனியாக் கெடக்குறேன் ராசம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நான் முப்பது வருசம் கெடந்தேன்" என்றாள். "தண்ணி வந்தா சட்ரஸு. தண்ணி இல்லாட்டிக் கரை. மாறன் பொறந்தன்னைக்கிகூட மூணாம் நாளுதான் வந்து பாத்தீங்க. நான் கேட்டனா? வேலைன்னு இருந்தேன். ஒங்களக் கொறை சொல்லல. தனியாக் கெடக்குறது எப்புடின்னு எனக்குத் தெரியும்னு சொல்றேன்."

முப்பது வருஷம் அவள் வீட்டில் தனியாகக் கிடந்தாள் என்று ஒருவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. சோறு அவர் கையில் காய்ந்துகொண்டிருந்தது.

ராசம்மாள் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். "நீங்க அங்க வாங்களேன்" என்றாள். "ஞாயித்துக்கெழம எங்ககூடயே கார்ல வாங்க. வீடு பெருசுதான். மாறனும் அதத்தான் சொல்றான், ஒங்ககிட்ட கேக்கப் பயந்துகிட்டுச் சொல்லாம இருக்கான்."

"நான் அங்க வந்து என்னா செய்வேன்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். என்கூட இருங்க."

ஒவ்வொரு திட்டையும் ஒவ்வொரு பள்ளத்தையும் தாளில் எழுதியவர், அவள் இப்படித் திருப்பிக் கேட்பாள் என்பதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நாலாவது மாடி. லிப்ட். கீழே கார்கள். காலையில் எழுந்து எங்கே போவது? கரை இல்லை, சட்ரஸ் இல்லை. வா என்று அவள் கூப்பிட்டதில் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. வருகிறேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

"பாக்கலாம்" என்றார்.

அவர் ஜாதகமே அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. தண்ணீர் கேட்டு வருகிறவர்களிடம் முப்பது வருஷமாக அதைத்தான் சொன்னார். பாக்கலாம் என்றால் கிடைக்காது என்று நன்னிலம் தாலுகாவுக்கே தெரியும். ராசம்மாளுக்குத் தெரியாதா? "சரி, சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியைக் கழுவ எழுந்து போனாள். திரும்பும்போது அவள் தோணியில் ஏறவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்து கரையில் ஏற்றினார்கள்.

சனிக்கிழமை பிரகதாம்பாள் வயலில் அறுப்பு மிஷின் இறங்கியது. அந்த அம்மாள் ஆள் மூலம் ஒரு மரக்கால் புது நெல் அனுப்பியிருந்தார். ராசம்மாள் அதை வாங்கி வைத்தாள். அன்று முழுக்க அவள் அவருக்காக வேலை செய்தாள். வத்தக்குழம்பு காய்ச்சி பாட்டிலில் ஊற்றினாள், பருப்புப்பொடி அரைத்தாள், தலையணை உறையெல்லாம் துவைத்துப் போட்டாள். அவர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். நாலைந்து தடவை வாய் வரைக்கும் வந்தது. ஒவ்வொரு தடவையும் யாராவது குறுக்கே வந்தார்கள், அல்லது வந்ததாக அவர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் கிளம்பத் தயாராக நின்றது. தமிழ்மாறன் டிக்கியை மூடினான். அப்பாவைப் பார்த்தான், எதையோ கேட்கப் போகிறவன் மாதிரி நின்று, கேட்காமல் டிரைவர் சீட்டில் ஏறினான். இசைவாணி, "மாமா, ஒடம்பப் பாத்துக்குங்க" என்றாள். ராசம்மாள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்துச் சீட்டில் பையோ மூட்டையோ எதையும் வைக்கவில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

மடியில் இருந்த பேத்தி இந்த நான்கு நாளில் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தது. "தாத்தா வரலியா?" என்று கேட்டது.

ராசம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லட்டும் என்று ரொம்ப நேரம் விட்டாள். அப்புறம் குனிந்து பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"தாத்தாவுக்கு ஆத்துல வேலை இருக்கு" என்றாள்.

பிள்ளை அவரிடம் திரும்பி, "அப்படியா?" என்கிற மாதிரி பார்த்தது.

"ஆமாம்மா" என்றார் சாமிதுரை. "வேலை இருக்கு."

கதவை அவரே சாத்தினார்.